இரண்டாம் பக்கம் முடியும்வரை

ஒரு பாட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதைக் காரில் போட்டுக் கேட்க வேண்டும். ஸ்டூடியோவில் கேட்டு ஏமாறக் கூடாது. அங்கே இருக்கும் ஸ்பீக்கர்களின் விலைக்குப் பூனை கத்தினாலும் இனிமையாகத்தான் இருக்கும். ஊர் பாட்டுக் கேட்பது காரில், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும். ஆகையால் குரலையும் வாத்தியங்களையும் கலக்கும் மிக்ஸிங் முடிந்த அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிடுவோம். இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கிளீவ்லாண்டிலும் டெட்ராய்ட்டிலும் இந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் செய்ததுதான்.

எங்கள் குழுவில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. டேப் ஓடத் தொடங்கினால் யாரும் வாய் திறக்கக் கூடாது. டேப்பின் அந்தப் பக்கம் ஓடி முடியும்வரை யாரும் கார்க் கதவையும் திறக்கக் கூடாது. நடுவில் திறந்தவன் அன்றைக்கு எல்லோருக்கும் பீட்சா வாங்க வேண்டும். டிரம்ஸ் அடித்த ஸ்டாஷுக்குச் சிறுநீரை அடக்கத் தெரியாது. அவன் அந்தக் காலத்தில் வாங்கிக் கொடுத்த பீட்சாவை அடுக்கினால் இந்தக் காவல் நிலையத்தின் கூரையைத் தொடும்.

ஏரிக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மேடம். பாலின்ட் என்ற உங்கள் பெயரைப் பார்த்தால், நீங்களும் இரும்பாலைக்குப் பின்னால் இருந்த ஹங்கேரியர் தெருவில் வளர்ந்த, இந்த லொரெய்ன் ஊர்ப் பெண்ணாகத்தான் இருப்பீர்கள். பிப்ரவரியில் காரில் உட்கார வேண்டுமென்றால் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டாக வேண்டும். பனி அடிக்காமல் இருக்கக் காரை ஷெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஷெட் கதவை மட்டும் மேலே தூக்கி விட்டிருப்போம். எங்கள் குழுவில் பாடிய டெர்ரியின் அம்மா மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "கதவத் தூக்கி வெச்சீங்களாடா, இல்ல மூணு பேரும் எஞ்சின் புகையில மூச்சு முட்டிச் செத்துத் தொலையப் போறீங்களா" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நாங்கள் ஒவ்வொரு தடவையும் தூக்கித்தான் வைத்திருந்தோம்.

டெர்ரி கோஸியன் பாட்டு எழுதினான், ஒரு கிட்டாரை மீட்டிக்கொண்டே முன் குரல் பாடினான். ஸ்டாஷ் டிரம்ஸ். மற்றதெல்லாம் நான், நார்பர்ட் பாஸ்டோரெக். கிட்டாரை நான்கு தடவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்ததும், பேஸ் வாசித்ததும், கைதட்டல்களைச் சேர்த்ததும், டெர்ரியின் குரலுக்கு மேலே ஒரு மேல் குரலாகப் பாடியதும் நான். பெயருக்காக இதைச் சொல்லவில்லை. எனக்குப் பேராசை, புகழாசை எதுவும் எப்போதும் கிடையாது. என்ன நடந்தது என்று நீங்கள் புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

ஸ்லோவாக்கியர் மாதா கோயிலின் பாரிஷ் ஹாலில், அதாவது பங்கு மண்டபத்தில், ஒத்திகை பார்த்ததால் 'த பாரிஷ் ஹால்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். எழுபத்து மூன்றில் ஒரே ஒரு ஆல்பம் போட்டோம். 'லேக் ரோட் கேர்ள்ஸ்' என்று பெயர். பன்னிரண்டு பாட்டு. மூன்று நிமிடத்தைத் தாண்டிய பாட்டு ஒன்றும் இல்லை. கிட்டார் ரம்பம்போல இருக்கும், குரல் தேன்போல இருக்கும், ஒரு தடவை கேட்டால் கூடவே முணுமுணுக்கலாம். இப்போது அந்த மாதிரிக்குப் 'பவர் பாப்' என்று பெயர் வைத்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அப்போது அதற்குப் பெயரும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரை முறுக்கியவனுக்குத்தான் அந்த ஆண்டு கொட்டகை நிறைந்தது. எங்களைப் பார்த்து, "என்னப்பா, உங்க தங்கச்சிங்க டான்ஸ் ஆடப் பாடறீங்களா" என்று சிரித்தார்கள்.

அந்த ஆல்பம் தோற்கவில்லை, மேடம். தோற்க வேண்டுமானால் ஓட்டப் பந்தயத்துக்காவது வர வேண்டும். கடைக்கு வந்து சேர வேண்டிய மாதத்தில் எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி விலைக்கு வாங்கியது. தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதை. அச்சான இசைத்தட்டுகள் ஒரு கிடங்கில் கோல்ஃப் பந்துகளுக்குப் பக்கத்தில் கிடந்தன. எங்கோ சில கடைகளுக்குப் போனவற்றை, பெயரைப் பார்த்துவிட்டு, கோயில் பாட்டுகளோடு வைத்துவிட்டான் கடைக்காரன். டொலீடோவில் ஒரு கடையில் நானே பார்த்தேன், எங்களுக்கு முன்னால் ஒரு கன்னியாஸ்திரிகள் பாடகர் குழு, பின்னால் ஒரு ஈஸ்டர் ஆராதனை. எடுத்து ராக் வரிசையில் முன்னால் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் மறுபடியும் ஈஸ்டர் பக்கத்தில். மறுபடியும் எடுத்து வைத்தேன். கடைக்காரன் என்னைப் பார்த்து, "ஏன்யா, வாங்கறதுன்னா வாங்கு, சும்மா எடத்த மாத்திக்கிட்டே இருக்க" என்றான். கையிலிருந்த தட்டால் அவன் மூக்கை உடைக்கத் தோன்றியது. உடைக்கவில்லை. நான் கை ஓங்கும் ஆள் இல்லை.

அந்தக் கோபம் அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை. எதுவும் தெரியாதவன் புறக்கணித்தால் போகட்டும், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிடலாம். தெரிந்தவன் புறக்கணித்தால் என்ன செய்வது? நான் டெர்ரியைச் சொல்கிறேன்.

குழு கலைந்ததும் டெர்ரி கார்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். மார்லீனைக் கல்யாணம் செய்துகொண்டான். குண்டானான். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட்டான், சனிக்கிழமை பௌலிங் பந்து உருட்டப் போனான். சந்தோஷமாக இருந்தான். நம்ப முடிகிறதா உங்களால்? அப்படி ஒரு ஆல்பத்தை உலகம் குப்பையில் போட்டிருக்கிறது, இவன் பாட்டுக்குத் தோட்டத்தில் தக்காளிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "விடு நார்ப், அது ஒரு ரிக்கார்டுதானே" என்பான். பெற்ற பிள்ளையைக் காட்டி, அது யார் வீட்டுப் பிள்ளையோ என்பவனை நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் மதுக்கடைகளில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் பாட்டு மாற்றும் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு பெட்டியிலும், முதலாளிக்குத் தெரியாமல், எங்கள் பாட்டு இருந்த சின்னத் தட்டு ஒன்றைச் சொருகி வைத்தேன். விழலுக்கு இறைத்த நீர். ஒரு நாள் ஒருவன் எண்ணை மாற்றி அழுத்தியதில் எங்கள் பாட்டு வந்துவிட்டது. நான் அங்கேதான் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தேன். பாதியிலேயே அவன் பெட்டியை உதைத்து, "எவன்டா இவன், பொம்பள மாதிரி மேல கத்தறான்" என்றான். மேலே பாடுவது நான். என் மனைவி ஜோன் அந்த ஆண்டுதான் என்னை விட்டுப் போனாள். அது வேறு விஷயம்.

இதைக் கேட்டு நீங்கள் என்னைப் பைத்தியம் என்று குறித்துக்கொள்ள வேண்டாம். நான் வேலைக்குப் போனேன், வரி கட்டினேன், டெர்ரியின் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போனேன். காத்திருந்தேன், அவ்வளவுதான்.

போன ஆண்டு இலையுதிர் காலத்தில் சிகாகோவிலிருந்து கெஸ்லர் என்ற ஒருவர் எனக்குப் போன் செய்தார். யாரும் கவனிக்காமல் போன பழைய ஆல்பங்களைத் தேடிப் பிடித்து சிடியாக வெளியிடும் சின்னக் கம்பெனி அவருடையது. 'லேக் ரோட் கேர்ள்ஸ்' தட்டைப் பழைய சாமான் கடையில் கண்டெடுத்தாராம், கோயில் பாட்டுகளுக்கு நடுவில். "இத எப்படிங்க யாருமே கேக்காம விட்டாங்க" என்றார். போனைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், மேடம். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

கெஸ்லர் ஜனவரியில் லொரெய்னுக்கு வந்தார். பந்து உருட்டும் இடத்தில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டோம். நான், டெர்ரி, ஸ்டாஷ், அவர். அங்கேதான் டெர்ரி மெதுவாக ஆரம்பித்தான்.

"நார்ப், கோவிச்சுக்காத. எனக்கு அந்த ரிக்கார்டு எப்பவுமே கொஞ்சம் இரைச்சலாத்தான் பட்டுச்சு."

"இரைச்சலா?"

"நாலு கிட்டாரு. குரலுக்கு மேல குரலு. கைதட்டு. நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே காதுல விழல. தனித்தனியாப் பதிஞ்ச அந்தப் பழைய டேப்புலேர்ந்து என் குரலையும் என் கிட்டாரையும் மட்டும் தனியா எடுத்துப் பாத்தேன். கெஸ்லருக்கும் அனுப்பி வெச்சேன்."

கெஸ்லர் என் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "அப்படிக் கேட்டா நெஞ்ச அறுக்குதுங்க. அப்படியே போட்டுடலாம்னு ஒரு யோசனை."

ஆக, நான் இல்லாத ஆல்பம். இருபது ஆண்டுகள் நான் தூக்கிச் சுமந்தது இதற்காக. மீனில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தேன். ஸ்டாஷ்தான் சும்மா இருக்க மாட்டாதவன். என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "மூஞ்சியப் பாரு. கல்யாண வீடுன்னா இவன்தான் மாப்பிள்ளையா இருக்கணும், எழவு வீடுன்னா இவன்தான் பொணமா இருக்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல மீன் அன்றைக்கு.

அதற்குப் பிறகு நான் நிறைய யோசித்தேன். டெர்ரிமேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. அவனை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். அவன் அந்த ஆல்பத்தை ஒரே ஒரு தடவை, முழுசாக, கவனமாகக் கேட்டால் போதும், மனம் மாறிவிடுவான் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் என்று யாராவது இதைச் சொல்ல முடியுமா?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் அவனே கூப்பிட்டான். "புது மிக்ஸ் ரெடிடா. வா, காருல போட்டுக் கேக்கலாம், பழையபடி." என் மனம் கோணக் கூடாது என்றுதான் கூப்பிட்டான். அதுவும் எனக்குத் தெரியும். டெர்ரி நல்லவன். அவன் நல்லவன் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

நான் போனபோது மார்லீன் கிளம்பிக்கொண்டிருந்தாள். தவக்காலத்துக்குக் கோயிலில் பியரோகி விற்பார்கள் அல்லவா, அதற்கு மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து மடிக்கப் பெண்களெல்லாம் கோயில் நிலவறைக்குப் போவார்கள். தலைக்குக் குட்டையைக் கட்டிக்கொண்டே, "முட்டைக்கோஸ் போட்டு ஹலுஷ்கி பண்ணி அடுப்பு மேல வெச்சிருக்கேன், சூடு பண்ணித் தின்னுங்க. நார்ப், அந்தக் கார் ஷெட்டு கதவத் தூக்கி வெச்சுக்கங்க. இவருக்கு அதெல்லாம் நெனப்பிருக்காது, நீ பாத்துக்க" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

டெர்ரியின் ஓல்ட்ஸ்மொபில் கார் எழுபத்தொன்றாம் ஆண்டு மாடல். தொழிற்சாலைக்காரனுக்குப் புது வண்டி வாங்கச் சலுகை உண்டு, ஆனாலும் அதை விற்க மாட்டான். உள்ளே டேப் ரிக்கார்டர் மட்டும் புதுசு. எஞ்சினைப் போட்டு, ஹீட்டரைப் போட்டு, ஷெட் கதவை மேலே தூக்கிவிட்டு உட்கார்ந்தோம். அவனுடைய டேப்பைப் போட்டான். சட்டப்படி நான் வாய் திறக்கவில்லை.

அவன் குரல், அவன் கிட்டார். வேறொன்றும் இல்லை. நன்றாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. எலும்புக்கூடும் நன்றாகத்தான் இருக்கும், டாக்டருக்கு. கடைசிப் பாட்டு 'டோலரஸ், விளக்கை அணைக்காதே.' எங்கள் ஆல்பத்திலும் அதுதான் கடைசி. அதன் முடிவில் டெர்ரி நிறுத்திவிடுவான், பிறகு நான் மட்டும் மேலே போவேன். டிரம்ஸ் நின்றுவிடும், கிட்டார் நின்றுவிடும், அந்த ஒரு குரல் மட்டும் மெல்லத் தேய்ந்து போகும். நான் என் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். டெர்ரியின் டேப்பில் அவன் நிறுத்தினான். பிறகு நாற்காலி கிறீச்சிடும் சத்தம். அத்தோடு முடிந்தது.

"எப்படிடா இருக்கு?" என்றான்.

"நல்லாருக்கு."

"நெஜமா?"

"நெஜமாத்தான்டா."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அப்போது நான் என் சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தேன். பழைய ஆல்பம், இரண்டாம் பக்கம். "இப்ப இதக் கேளு. ஒரே ஒரு தடவ. முழுசா, சட்டப்படி. கேட்டுட்டு நீ என்ன சொன்னாலும் சரி, அதோட நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவன் சிரித்தான். "நடுவுல எறங்கினா?"

"பீட்சா."

"சரி, போடு. நீ உக்காரலையா?"

"எனக்கு மனப்பாடம். நான் உள்ள போயி சாப்பாட்ட சூடு பண்றேன். பனி உள்ள அடிக்குது பாரு, பெரிய கதவ எறக்கி விடறேன். தோட்டத்துப் பக்கம் சின்னக் கதவு தொறந்துதான் இருக்கு."

"டேய், டேப்பு ஓடறதுக்கு முன்னாலயே நீ எறங்கற. பீட்சா உன் கணக்குலதான்" என்றான். இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். எப்போதும் அப்படித்தான் கேட்பான். அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான், பீட்சா.

பெரிய கதவை இறக்கினேன். தோட்டத்துக் கதவு வழியாக வெளியே வந்தேன். போன தடவை உங்கள் ஆட்கள் விசாரித்தபோது, பீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன், அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக் கதவைக் காற்று சாத்தியிருக்கும் என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அன்றைக்கு நல்ல காற்று. சாத்தியிருக்கக் கூடிய காற்றுதான்.

காற்று சாத்தவில்லை, மேடம். நான் சாத்தினேன். வெளித் தாழ்ப்பாளையும் போட்டேன். அடுப்பங்கரைக்குப் போய் ஹலுஷ்கியைச் சூடு பண்ணினேன். மார்லீன் முட்டைக்கோஸை நன்றாகச் சிவக்க விடுவாள், வெண்ணெயும் தாராளமாகப் போடுவாள். அடுப்பங்கரைக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மெல்லிய சுவர். நின்றுகொண்டே சாப்பிட்டேன். பாட்டு நன்றாகக் கேட்டது.

இரண்டாவது பாட்டில் கைதட்டல் வரும். எளிதாகத் தோன்றும், ஆனால் ஒரு தட்டு கொஞ்சம் தாமதமாக விழ வேண்டும். டெர்ரிக்கு அது ஒருநாளும் பிடிபட்டதில்லை, ஸ்டூடியோவில் நானும் ஸ்டாஷும் மட்டும்தான் தட்டினோம். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் டெர்ரி கைதட்டுவது கேட்டது. சரியான இடத்தில் தட்டினான். அவனுக்குப் பிடித்திருந்தது, மேடம். எனக்குத் தெரியும். என் மனம் எப்படிக் குளிர்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளில் முதல் தடவையாக ஒருவன் அந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டிய விதத்தில் கேட்டான்.

நான்காவது பாட்டிலும் கைதட்டல் உண்டு. அதில் அவன் தட்டவில்லை.

டேப்பின் பக்கம் முடிந்ததும் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் கதவை அப்படியே சாத்தியபடி விட்டு, பீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது தெருவில் ஆம்புலன்ஸ் நின்றது. மார்லீன்தான் கதவைத் திறந்திருக்கிறாள். பனியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், கையெல்லாம் மாவு. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஊர் முழுக்க ஒரே பேச்சுத்தான். பழைய பழக்கம் ஆளை எடுத்துக்கொண்டுவிட்டது என்றார்கள். சவப்பெட்டியை ஒரு பக்கம் நான் தூக்கினேன்.

நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். ஆல்பம் அதற்குரிய முறையில் வெளிவந்திருந்தால் இன்றைக்கு நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். இதோ, இதுதான் போன மாதம் வந்த சிடி. அட்டையைப் பாருங்கள். டெர்ரி தனியாக நிற்கிறான். அந்தப் படத்தில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அவனுடைய இடது பக்க ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அது என்னுடையது. உள்ளே இருப்பது அந்த எலும்புக்கூடு மிக்ஸ். 'மறைந்த கலைஞனின் கடைசி விருப்பம்' என்று கெஸ்லர் எழுதியிருக்கிறார். 'மற்றவர்களின் இரைச்சலுக்கு அடியில் இத்தனை நாள் புதைந்து கிடந்த மேதை' என்றும் எழுதியிருக்கிறார். மற்றவர்கள். எனக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. ஒப்புக்குச் சப்பாணி.

நியூயார்க் பத்திரிகைகள் புகழ்கின்றன. வானொலியில் போடுகிறார்கள். எந்தக் கடையிலும் அது இப்போது முன்வரிசையில்தான் இருக்கிறது, யாரும் எடுத்து வைக்காமலே. டொலீடோவில் அந்தக் கடைக்குப் போனேன். அதே கடைக்காரன், தலை மட்டும் நரைத்திருந்தது. "செத்துட்டாராம் பாவம், என்னா கொரலு" என்று என்னிடமே சொன்னான். மார்லீன் வீட்டுக்கு வந்து இந்தப் பிரதியைக் கொடுத்தாள். "அன்னிக்கி அவரு சந்தோஷமாத்தான இருந்தாரு, நார்ப்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எது வெளிவரக் கூடாது என்று நான் அதைச் செய்தேனோ, அதையே என் கையால் உலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். செத்தவனைக் கொண்டாடுகிறவர்கள் உயிரோடு இருந்தவனின் காரியத்தைக் கேட்கக்கூட மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் வந்தேன். மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை.

அந்தக் கேசட் இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கும். காரிலிருந்து எடுத்த பொருள்களோடு வைத்ததாக அப்போது சொன்னார்கள். இனிமேல் அது சாட்சிப் பொருள். வழக்கு நடந்தால் அதைக் கோர்ட்டில் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும், பாதி மட்டும் போட முடியாது, இரண்டாம் பக்கம் முழுவதையும் போட வேண்டும். பன்னிரண்டு ஜூரிகள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்பார்கள். கதவைச் சாத்திவிடுவார்கள், நடுவில் யாரும் எழுந்து போக முடியாது. பத்திரிகைக்காரர்களும் இருப்பார்கள். கெஸ்லரையும் அழைக்கலாம். நல்ல ஸ்பீக்கராக வைக்கச் சொல்லுங்கள்.

அவ்வளவுதான். ஆல்பத்துக்காகச் செய்தேன். எனக்காக ஒன்றும் செய்யவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

என்ன கேட்டீர்கள்? மறுபடியும் சொல்லுங்கள்.

"பக்கத்து வீட்டம்மா அன்னிக்கே சொல்லியிருக்காங்க, மிஸ்டர் பாஸ்டோரெக். ஷெட்டுக்குள்ளேர்ந்து ஒரு ஹார்ன் சத்தம் கேட்டுச்சாம். நீங்க சுவத்துக்கு இந்தப் பக்கம்தான நின்னுக்கிட்டிருந்தீங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டது. ஒரே ஒரு தடவை, நீளமாக. தாளத்தில் விழவில்லை. டெர்ரி தாளம் தப்புகிறவன் இல்லை, அதனால் அது பாட்டுக்காக அடித்த ஹார்ன் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"தெரிஞ்சுமா போகல? நாலு எட்டுல கதவு. இன்னும் உயிரோட இருந்தாரு. ஏன் போகல?"

நீங்கள் ஆல்பத்தைக் கேட்டதில்லை, அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள். அப்போது கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மேடம். டெர்ரி நிறுத்தியிருந்தான். நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தேன்.